பேர் போடாத கடிதம்

ஆகஸ்ட் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை அந்தக் கடிதம் தபாலில் வந்தது. கம்ப்யூட்டரில் அடித்தது. கீழே பேர் இல்லை.

'உங்கள் நாய் தினமும் காலை ஏழரையிலிருந்து பத்து மணிவரை ஓயாமல் குரைக்கிறது, கதவைப் பிறாண்டுகிறது. மனுஷன் எப்படித் தூங்குவது? நகராட்சிக்கு எழுத வேண்டிவரும்.'

வெண்மதிக்குச் சுருக்கென்றது. சிதம்பரத்தில் கணக்கு டீச்சர். ஏழரைக்கு மஞ்சக்குப்பம் வீட்டை விட்டால் சாயங்காலம்தான் திரும்புவாள். கணவன் அன்பரசுக்கு சிப்காட் கெமிக்கல் ஆலையில் நைட் ஷிப்ட். காலையில் வந்து பின்னறையில் படுப்பான். அவனிடம் கேட்டாள்.

"ரோஸி அவ்ளோவா குரைக்குது?"

"எனக்கெங்க தெரியும்? படுத்தா தூங்கிடுறேன்" என்றான், கடிதத்தை வாங்கிப் பார்க்காமலே.

அவள் சந்தேகம் எதிர்வீட்டுக் கொளஞ்சியப்பன்மேல் விழுந்தது. ரிட்டயர்டு பஸ் டிரைவர். மகன் ப்ரவுசிங் சென்டர் வைத்திருக்கிறான். இது போதாதா? வணக்கம் சொல்வதை நிறுத்தினாள். இரண்டாவது கடிதம் வந்ததும் கேட்டிலேயே மடக்கினாள்.

"எதுவா இருந்தாலும் நேரா சொல்லுங்கண்ணே."

"என்னாத்த சொல்றது? முப்பது வருஷம் இன்ஜின் பக்கத்துல ஒக்காந்தவன். எனக்குக் காதே பாதி அவுட்டும்மா."

அவள் நம்பவில்லை. உள்ளே வந்து கடிதத்தை மறுபடி படித்தாள். பிறாண்டுகிறது. முன்கதவின் உள்பக்கம் கீழே நகக்கீறல்கள். தெருவில் நிற்பவனுக்கு அது எப்படித் தெரியும்?

"இத எழுதுனது நீங்கதானா?" என்று கேட்டாள். டூட்டிக்கு ஷூ மாட்டிக்கொண்டிருந்த அன்பரசு நிமிராமலே சொன்னான்.

"நேரா சொன்னா, நாயா நானான்னு கேக்குறேன்னு சண்டைக்கு வருவே. அதான். நாலு மாசமா கண்ண மூடல மதி. போன வாரம் வேலைல ஒரு வால்வ மாத்தித் திருப்பப் போயிட்டேன்."

கோபத்தோடு ஆரம்பித்தவள் கடிதத்தை மடித்து வைத்தாள்.

சனிக்கிழமை கால்நடை டாக்டரிடம் ரோஸியைக் கூட்டிப்போனார்கள். "வீட்டுல ஆள் இருந்தும் நீங்க இல்லாததுதான் அதுக்குப் பயம்" என்றார் அவர் வெண்மதியிடம். "அடிக்காதீங்க. காலைல நல்லா நடக்க விடுங்க. கொஞ்சிட்டுக் கெளம்பாதீங்க. பையைத் தூக்குங்க, போகாம ஒக்காருங்க. அப்புறம் வெளிய போயி, அது குரைக்கிறதுக்குள்ள வந்துடுங்க. ஒரு நிமிஷம், ரெண்டு நிமிஷம்னு ஏத்துங்க."

காலாண்டு விடுமுறை முழுக்க வெண்மதி தன் வீட்டு வாசலிலேயே போவதும் வருவதுமாக இருந்தாள். தீபாவளிக்குள் குரைப்பு பத்து நிமிடத்துக்கு இறங்கியது.

கொளஞ்சியப்பனிடம் மன்னிப்புக் கேட்கப் போனாள். அவர் சிரிக்கவில்லை.

"அந்தக் கடுதாசிய யாரு வந்து அடிச்சிட்டுப் போனாங்கன்னு என் மவன் அன்னிக்கே சொன்னான். புருஷன் பொண்டாட்டி விஷயம், நான் ஏன் வாயத் தொறக்கணும்?"

"இன்னிக்கு நல்லா தூங்குனேன்" என்று இப்போது அன்பரசு சாயங்காலம் சொல்வான். அவள் பதில் சொல்லுமுன் அவன் கண் சிவந்திருக்கிறதா என்று ஒருதரம் பார்த்துக்கொள்வாள்.