நாலு முழத் தண்ணீர்

கழியை ஆற்றில் இறக்கினார். அடி தட்டியதும் மேலே இழுத்து, ஈரம் ஏறிய இடத்தைப் பெருவிரலால் பிடித்துப் பார்த்தார். ஐந்து முழம். கழியில் முழத்துக்கு ஒரு பட்டையாகச் சிவப்பும் வெள்ளையும் மாறி மாறி அடித்திருந்தது. கால் முழம், அரை முழம் எல்லாம் விரல்தான் சொல்ல வேண்டும். பதினோரு வருடமாக அந்த விரல் தப்புச் சொன்னதில்லை. கப்பலில் எல்லோரும் அவரை முழக்காரர் என்றுதான் கூப்பிட்டார்கள்.

இது பெரிய கப்பல் இல்லை. மூன்று அடுக்கு. மேல்தளத்தில் பயணிகள் உட்கார்ந்து ஆற்றைப் பார்ப்பார்கள், டீ குடிப்பார்கள். சுக்கானியின் கண்ணாடி அறையும் அங்கேதான், பின்பக்கம். நடு அடுக்கில் படுக்கை அறைகள். அடித்தளத்தில் பின்னால் எஞ்சினும் சமையலறையும், முன்மூக்கில் சலவை அறை. முழக்காரர் கழி போட நிற்கும் பலகைக்கு நேர் கீழே அந்த அறை இருந்தது. அங்கே பெரிய வெந்நீர்த் தொட்டியில் பயணிகளின் விரிப்புகளை வேகவைத்து அலசிக்கொண்டிருந்தவள் அவருடைய மனைவி.

ஆழம் காட்டும் கருவி ஒன்றும் கப்பலில் இருந்தது. இரண்டு மாதமாக அது எங்கே போனாலும் ஒரே எண்ணைக் காட்டிக்கொண்டு பச்சை விளக்கோடு சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. ஆள் வரச் சொல்லியிருக்கிறோம் என்று மேனேஜர் சொல்லிவந்தார். அதனால் ஆற்றுக்கும் கப்பலுக்கும் நடுவே இருந்தது முழக்காரரின் கையும் அவர் குரலும்தான். "அஞ்சேய்ய்... அஞ்சே காலேய்ய்..." என்று அவர் இழுத்துக் கூவ, பின்னாலிருந்து சுக்கானி அதைக் கேட்டுத் திருப்புவார். நாலு முழத்துக்குக் கீழே போனால் நிறுத்திப் பின்வாங்க வேண்டும். கப்பலின் வயிறு அவ்வளவு கீழே இறங்கியிருந்தது.

மூன்று வாரத்துக்கு முன்னால் அந்தக் குரலுக்குப் பூட்டு விழுந்தது. மேனேஜர் கருத்துப் புத்தகத்தைக் கையோடு கொண்டுவந்து வாசித்துக் காட்டினார்.

"ஒரு மேடம் எழுதிட்டுப் போயிருக்காங்க, கேட்டுக்கோ. 'முன்னால் ஒருவர் ஓயாமல் கத்துகிறார். ஆற்றின் அமைதி கெடுகிறது. ஆழம் குறைகிறதோ என்று பயமாகவும் இருக்கிறது.'"

"ஆழம் கொறையுதுதானே சார்?"

"கொறையட்டும். அத அவங்ககிட்ட எதுக்குச் சொல்ற? காசு குடுத்து நிம்மதியா இருக்க வந்தவங்க." அவர் டீ மேசையிலிருந்து இரண்டு கைத்துணிகளை எடுத்து நீட்டினார். ஒன்று வெள்ளை, ஒன்று சிவப்பு. "நாலு முழத்துக்கு மேலன்னா வெள்ளையத் தூக்கு. கீழன்னா செவப்பு. சத்தமே கூடாது. இன்னொரு தடவ வாயத் தொறந்தேன்னா, அடுத்த துறையில புருசனும் பொண்டாட்டியும் மூட்டையக் கட்டிக்கிட்டு எறங்கிடலாம்."

மேனேஜர் போன பிறகுதான் சுக்கானி வாய் திறந்தார். "எனக்குக் காதுதான் பழக்கம் தம்பி. இனிமே கண்ண நம்பி ஓட்டணும்."

ஆறோ இறங்கிக்கொண்டே இருந்தது. ஏழு வாரமாக மேல்பக்கம் மழை இல்லை. போன மாதம் கப்பல் போன நடு ஆற்றில் இன்று நாரைகள் கணுக்காலளவு தண்ணீரில் நின்றன. துறைகளில் பாசி படிந்த படிகள் புதிது புதிதாக வெளியே வந்தன. கரையோரச் சேற்றில் செத்த மீன்களின் நாற்றம். கரையில் நின்றவர்கள் கப்பலைப் பார்த்துக் கை காட்டுவதை விட்டுவிட்டு, ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பயணிகளுக்கு மட்டும் ஒரே கொண்டாட்டம். "பறவைய இவ்ளோ பக்கத்துல பாத்ததே இல்லைங்க!" என்று தொப்பிக்காரப் பெரியவர் ஒருவர் முழக்காரரிடமே வந்து சந்தோஷப்பட்டார். நல்ல மனுஷர். இரண்டு பிஸ்கட்டைக் கையில் திணித்துவிட்டுப் போனார்.

இந்தத் தடவை போக வேண்டாம் என்று புறப்படுமுன்பே சுக்கானி சொல்லிப் பார்த்திருந்தார். பதினாறு பேர் பதிவு செய்தாகிவிட்டது என்று மேனேஜர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பயணத்தின் மூன்றாம் நாள் மத்தியானம் முழக்காரர் சலவை அறைக்கு இறங்கிப் போனார். உள்ளே ஒரே ஆவி. மனைவி முழங்கை வரை சிவந்த கைகளோடு விரிப்பை முறுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஏய், சாயங்காலம் பாறைத் திருப்பம் வருது. அந்த நேரத்துக்குப் பின்னாடி சமையக்கட்டுப் பக்கம் போய் இரேன்."

"தொட்டியத் தலையில தூக்கிக்கிட்டா போகட்டும்? நாளைக்கு எல்லாரும் எறங்குறாங்க. அடுத்த கும்பலுக்கு முப்பத்திரண்டு விரிப்பு வேணும்." அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். "என்ன, பயமா?"

"பயமெல்லாம் இல்ல."

"மூஞ்சி அப்படிச் சொல்லலையே. மூணு வாரமா உங்க சத்தமே இல்லாம எனக்குத்தான் இங்க வேல ஓடல. முன்னெல்லாம் 'ஆறேய்ய்'னு கேட்டா மெதுவாப் பிழிவேன், 'நாலேய்ய்'னு கேட்டா தொட்டியவிட்டுத் தள்ளி நிப்பேன். இப்ப ஒண்ணும் தெரியல." அப்புறம் அவளே சிரித்தாள். "நீங்கதான முன்னாடி நிக்கிறீங்க. எனக்கென்ன?"

அந்தச் சிரிப்பு அவருக்குப் பிடிக்கவில்லை.

கடைசிச் சாயங்காலம் என்பதால் மேல்தளத்தில் விருந்து. பந்தல் துணியை வழக்கத்தைவிட முன்னால் இழுத்துக் கட்டியிருந்தார்கள். பாட்டு வைத்திருந்தார்கள். வெயில் சாய்ந்து, சுக்கானி அறைக் கண்ணாடி முழுக்கத் தகதகவென்று எரிந்தது. உள்ளே ஆள் இருப்பதே தெரியவில்லை.

முழக்காரர் கழியை இறக்கினார். நாலே முக்கால். அடி சேறு, கழி சத்தமில்லாமல் புதைந்தது. வெள்ளைத் துணி. நாலரை. மணல், கழி நறநறவென்று உரசியது. வெள்ளை. நாலே கால். வெள்ளையைத் தூக்கும்போதே கை தயங்கியது.

அப்போதுதான் எதிர்க்கரையை ஒட்டி ஒரு பரிசல் போனது. அதில் நாலைந்து பேர் எழுந்து நின்று இரண்டு கையையும் மேலே தூக்கிப் பெரிதாக ஆட்டினார்கள். கூப்பிட்டார்கள் போலவும் இருந்தது. பாட்டுச் சத்தத்தில் காதில் விழவில்லை.

"நம்மளப் பாத்துக் கை ஆட்டுறாங்க! எல்லாரும் வாங்க!" என்றார் தொப்பிக்காரர்.

பயணிகள் கப்பலின் முன்பக்கத்துக்குத் திரண்டு வந்தார்கள். வரும்போதே மேசையிலிருந்த கைத்துணிகளை ஆளுக்கு ஒன்றாக எடுத்துக்கொண்டார்கள். கம்பியைப் பிடித்துக்கொண்டு ஆட்டினார்கள். பன்னிரண்டு, பதின்மூன்று வெள்ளைத் துணிகள் முழக்காரரைச் சுற்றி மேலும் கீழும் பறந்தன.

கழி இறங்கியது. இந்தத் தடவை சேறுமில்லை, மணலுமில்லை. கல். அதிர்ச்சி கழி வழியாகத் தோள்வரை ஏறியது. மூணே முக்கால்.

அவர் சிவப்பைத் தூக்கினார். எக்கி நின்று கை நீளும் மட்டும் தூக்கினார். ஒரு சிவப்பு, பதின்மூன்று வெள்ளை. எரியும் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து சுக்கானிக்கு என்ன தெரிந்ததோ, எஞ்சின் ஓட்டம் மாறவில்லை. வெள்ளை என்றால் போகலாம். கப்பல் போனது.

கத்த வேண்டும். வாய் திறந்தது, நாக்கு எழவில்லை. ரெண்டு பேரும் மூட்டையக் கட்டிக்கிட்டு எறங்கிடலாம். ஒருவேளை சிவப்பைப் பார்த்திருப்பார், இதோ இப்போது நிறுத்திவிடுவார் என்று நினைத்துக்கொண்டே இன்னொரு தரம் கழியை இறக்கினார். அவ்வளவுதான் அவர் தாமதித்தது, ஒரு கழி நேரம்.

மூணரை.

"மூணரேய்ய்! நிறுத்துங்கய்யா! மூணரை! நிறுத்து!"

பக்கத்திலிருந்த பெண்மணி அவர் ஏதோ படகுப் பாட்டு பாடுகிறார் என்று கைதட்டினாள். எஞ்சின் நின்றது. ஆனால் நின்ற எஞ்சின் கப்பலை நிறுத்திவிடாது. வந்த வேகத்தில் அது இன்னும் கொஞ்ச தூரம் வழுக்கிக்கொண்டு போயிற்று.

பெரிய சத்தம் ஒன்றும் இல்லை. அடியில் தகரம் கிழிபடுவது போல் நீளமாக ஓர் இழுப்பு. டீக் கோப்பைகள் எல்லாம் ஒரே பக்கமாக நகர்ந்து விழுந்தன. பயணிகள் கம்பியைப் பிடித்துத் தொங்கினார்கள். கீழே, பலகைக்குக் கீழே, ஒரே ஒரு அலறல் கேட்டது.

முழக்காரர் எப்படி இறங்கினார் என்று அவருக்கே தெரியாது. தொட்டி கவிழ்ந்து கிடந்தது. கிழிந்த அடிப்பக்கத்திலிருந்து பச்சைத் தண்ணீர் ஊறி வந்து, வெந்நீரோடு கலந்து ஆவி விட்டது. மனைவி விரிப்பு மூட்டைகளின்மேல் சரிந்திருந்தாள். இடுப்புக்குக் கீழே புடவை தோலோடு ஒட்டிக்கொண்டிருந்தது. சமையல்காரர் ஓடிவந்தார். இருவருமாக ஒரு விரிப்பில் கிடத்தி மேலே தூக்கிவந்து முன்பலகையில் படுக்க வைத்தார்கள்.

"கப்பல் நின்னுடுச்சா?" என்றாள்.

"நின்னுடுச்சு, நின்னுடுச்சு. பேசாத."

"உங்க சத்தம் கேட்டுச்சு." அவள் பற்கள் கிட்டித்துக்கொண்டன. "தள்ளி நிக்கலாம்னு திரும்புனேன். கொஞ்சம் முன்னாடியே கத்தியிருக்கக் கூடாதா?"

ஈரத் துணியைப் பிழிந்து அவள் காலில் போட்டார். பாழாய்ப்போன வாய் என்று தன் வாயிலேயே அறைந்துகொள்ள வேண்டும் போலிருந்தது.

கப்பலின் மூக்கு மெதுவாகத் தாழ்ந்துகொண்டிருந்தது. பாறைமேல் உட்கார்ந்துவிட்டதால் முழுசாக முழுகாது, அறைகளுக்குள் தண்ணீர் ஏறும் என்றார் சுக்கானி. அவர் முகத்தில் ரத்தமே இல்லை. "வெள்ளதான் தெரிஞ்சுது தம்பி. அத்தனையும் வெள்ள" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். கப்பலோடு கட்டியிருந்த மோட்டார் படகை இறக்கினார்கள். எட்டுப் பேர் உட்காரலாம். கரைக்குப் போய்வரக் கால் மணி நேரம் ஆகும்.

"இவங்கள மொதல்ல அனுப்புங்க. ரொம்ப மோசமா வெந்திருக்கு" என்றாள் கைதட்டிய பெண்மணி. அவள் கண் கலங்கியிருந்தது.

"கண்டிப்பா அனுப்புறோம் மேடம். இவங்களப் படுக்க வச்சா அஞ்சு பேர் எடம் போயிடும். உங்கள எல்லாம் இங்க வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? நீங்க ஏறுங்க. அடுத்ததுல இவங்கதான்." மேனேஜர் அவள் கையைப் பிடித்துப் படகில் இறக்கிவிட்டார். போனதும் ஆம்புலன்சுக்குச் சொல்கிறேன் என்று அந்தப் பெண்மணி திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

அடுத்த படகில் மீதி எட்டுப் பேர் போனார்கள். தொப்பிக்காரர் தன் மேல்கோட்டைக் கழற்றி முழக்காரரிடம் கொடுத்துவிட்டுப் போனார். முழக்காரர் அதை மனைவியின் தலைக்கு வைத்தார். அவள் இப்போது பேசவில்லை. குளிர்கிறது என்பதுபோல் தாடை மட்டும் ஆடியது.

படகு மூன்றாம் தடவை வந்து ஒட்டியது. முழக்காரரும் சமையல்காரரும் விரிப்பின் முனைகளைப் பிடித்தார்கள்.

"இருங்க" என்றார் மேனேஜர். கையில் அறை எண்கள் எழுதிய பட்டியல். "நடு அடுக்குல தண்ணி ஏறிடுச்சு. பெட்டியெல்லாம் நனஞ்சா கம்பெனிதான் பதில் சொல்லணும். ஒரே ஒரு நடை. இதுவும் உன் வேலதானே? எவ்ளோ சீக்கிரம் ஏத்துறியோ, அவ்ளோ சீக்கிரம் அவ போகலாம்."

"சார், அவளப் பாருங்க சார்."

"பாத்துட்டுத்தான் சொல்றேன். அப்புறம் இன்னொண்ணு. என்ன நடந்துச்சுன்னு எழுதிக் குடுக்கணும். நீ லேட்டாத்தான் கத்துன, இல்லயா?"

முழக்காரர் மனைவியைப் பார்த்தார். "ஆமா சார்" என்றார். அதில் பொய் இல்லை.

அவர் ஓடினார். தாழ்வாரத்தில் தண்ணீர் கெண்டைக்கால்வரை வந்திருந்தது. கைக்கு இரண்டாகப் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு ஏறினார், இறங்கினார், மறுபடி ஏறினார். ஒவ்வொரு தடவையும் அவளைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது. தன் ஆயுளில் அவர் இவ்வளவு வேகமாகச் சாமான் ஏற்றியதில்லை. மேனேஜர் ஒவ்வொரு எண்ணாக அடித்துக்கொண்டே வந்தார்.

இடம் மிச்சம் பிடிக்கலாம் என்று முழக்காரர் பெட்டிகளை நெருக்கி நிற்க வைத்தார். முன்பக்கம் நீளமாக ஓர் இடம் கிடைத்தது. ஓர் ஆளைக் கிடத்தப் போதும். அவர் நிமிர்ந்து சமையல்காரரைக் கைகாட்டிக் கூப்பிட்டார்.

"யோவ், நிக்க வைக்காத! ஆட்டத்துல சாஞ்சா பிடி ஒடஞ்சிடும். எல்லாத்தையும் படுக்க வை" என்றார் மேனேஜர்.

படுக்க வைத்தார். ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக, படகு முழுக்க. மேலே இரண்டு கம்பளிகளைப் போர்த்தி ஓரங்களைச் செருகினார்கள்.

"மெதுவாப் போ. தண்ணி தெறிக்கப் போகுது" என்று மேனேஜர் படகுக்காரனுக்குக் குரல் கொடுத்தார்.

படகு மெதுவாகப் போனது.