கால்சியம் இல்லாத குப்பி

...அந்தக் குப்பியில்தான் கை வைக்கப்போகிறான், நீல மூடி, பாஸ்பேட் உப்புக்கரைசல், ஐயோ அதுவா, அதுவேதான், எடுத்தே விட்டான் நம்ம மேதை. வாயைத் திறந்து சொல்லுடி. மாட்டேன், எதற்குத் திறக்க வேண்டும்? இரண்டு வருஷம் கடற்பாசிப் பசையையும் ஜெலாட்டினையும் கலந்து கலந்து, இறுகினால் உள்ளே செல்கள் மூச்சுத் திணறிச் செத்து, இளகினால் கஞ்சியாக ஓடி, நூற்றுப்பதினேழாவது கலவை ஒருவழியாக நின்றது யார் கையில்? என் கையில். ஆய்வுக் கட்டுரையில் முதல் பெயர் யாருக்கு? ஆறு மாதத்துக்கு முன் வந்து சேர்ந்த இவனுக்கு. "அவன் நல்லா பேசுறான்மா, நாலு பேர் முன்னாடி நிறுத்தலாம்" என்றார் பேராசிரியர், அப்போது நான் என்ன ஊமையா, சரி சார் சரி சார் என்று தலையை ஆட்டிவிட்டு வந்தேனே, என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

கழுவத்தான் ஊற்றுகிறான். அக்கறையாக, சொட்டுச் சொட்டாக, பெரிய இவன்... கடற்பாசிப் பசையை இறுக்கிப் பிடித்து வைத்திருப்பது கால்சியம், பாஸ்பேட் அதை உருவிக்கொள்ளும், ஜெலாட்டின் இன்குபேட்டர் சூட்டுக்கே நிற்காது, ஆக இரண்டும் போச்சு. தட்டில் என் கலவையில் வார்த்த ஆறு வில்லைகள், ஆறிலும் யாரோ ஒரு நோயாளியின் முழங்கால் குருத்தெலும்புச் செல்கள், மூன்று வாரமாக வளர்கிறவை, மறுபடி கேட்டால் கிடைக்காது, நாலு மணிக்கு ஆய்வை மதிப்பிடும் குழு வேறு பார்க்க வருகிறது. வரட்டும், கரையட்டும், இவன் மூஞ்சி போகும் போக்கை நானும் பார்க்கிறேன். ஆனால் ஒருநாள் விட்டு ஒருநாள் செல்களுக்கு ஊட்டநீர் மாற்றியது நான்தானே, ஞாயிற்றுக்கிழமைகூட ஓடி வந்தேனே, "ஏன்டி, அங்க என்ன புள்ளையா பெத்துப் போட்டிருக்க?" என்று அம்மா திட்டினாளே... இப்போது சொன்னால்கூடக் கால்சியம் ஊற்றிக் காப்பாற்றலாம். ஐந்து நிமிடம். இப்போது? பத்து. எழுதுவதுபோல் குறிப்பேட்டில் ஒரே வட்டத்தைச் சுற்றிச் சுற்றிப் போட்டுக்கொண்டிருந்தேன், தாள் கிழிந்தது.

"அக்கா, இங்க வாங்களேன்... வில்லையைக் காணோம்கா." குரல் உடைந்திருந்தது, நன்றாக உடையட்டும் என்றுதான் எழுந்தேன், தட்டில் கலங்கிய தண்ணீர்தான் இருந்தது. சத்தம் கேட்டுப் பேராசிரியர் வந்தார், தட்டைப் பார்த்தார், நீல மூடியைப் பார்த்தார். "இதுலயா கழுவின? இது ஆகாதுன்னு தெரியாதா உனக்கு?"

"அக்கா அப்பவே சொல்லிக்கொடுத்தாங்க சார். நான்தான் அவசரத்துல மறந்துட்டேன்."

நானா? எப்போது சொன்னேன்? மனதுக்குள் ஆறு மாதத்தையும் புரட்டுகிறேன், "கழுவி வெச்சிடு" என்றதுதான் நினைவிருக்கிறது, எதில் என்று ஒருநாளும் சொன்னதில்லை, கேட்டபோதுகூட அப்புறம் என்று தட்டிக் கழித்திருக்கிறேன். இவனோ தனக்குத் தெரியவேண்டிய எல்லாவற்றையும் நான் எப்போதோ சொல்லியிருப்பேன் என்று நம்பிக்கொண்டிருக்கிறான்.

"சொன்னியாமா?"

"சொன்னேன் சார்."

அவன் ஆமாம் ஆமாம் என்று வேகமாகத் தலையாட்டினான். பேராசிரியர் அவனைத் திட்டத் தொடங்கினார், நான் கேட்க ஏங்கிய திட்டுதான், ஒவ்வொரு சொல்லும், அவன் குனிந்து நின்று வாங்கிக்கொண்டான், நடுவில் ஒருமுறை என்னைப் பார்த்து "சாரிக்கா, நீங்க வளர்த்த செல்லெல்லாம் போச்சு" என்றான்... பொய்யாகவாவது என்மேல் பழியைப் போட்டிருக்கக் கூடாதா, பாவி?