தொண்ணூற்றாறு வீதம் ஓம்

வாக்கெடுப்புக்கு இன்னும் ஐந்து வாரங்கள் இருந்தன. ஜெர்மனியில் வாழும் ஈழத்தமிழரில் தொண்ணூற்றாறு வீதமானோர் தனிநாட்டுக்கு ஆதரவு என்ற முன்கணிப்பு முடிவு ஆரணியின் கணினித் திரையில் வந்து நின்றது. அவளுக்கு அது பிடிக்கவில்லை.

தனிநாடு வேண்டாம் என்று நினைப்பவள் அல்ல அவள். வுப்பர்டாலில் பிறந்து, பானில் ஒரு கருத்துக்கணிப்பு நிறுவனத்தில் வேலை செய்பவள். ஜெர்மன்காரர் யாருக்கு வாக்களிப்பார்கள், எந்த வரியை வெறுக்கிறார்கள் என்று கேட்டு எண்ணுவது அவளுடைய தொழில். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து எந்தக் கேள்விக்கும் இப்படி ஒரு விடை வந்ததை அவள் கண்டதில்லை. கோடை விடுமுறை நல்லதா என்று கேட்டாலும் பத்துப் பேரில் ஒருவர் முறைப்பார்.

வாக்கெடுப்பு என்பது புலம்பெயர்ந்த தமிழர்கள் தங்களுக்குள்ளேயே நடத்தவிருந்த ஒன்று. எந்த அரசும் அதைக் கேட்கவில்லை. முடிவை ஏற்கவேண்டிய கடமை எந்த அரசுக்கும் இல்லை. கேள்விப்பட்டவர்கள் நம்புவார்களா என்பது மட்டுமே அதன் பலம். அதை நடத்தும் குழுவின் தலைவர் உருத்திரமூர்த்திக்கு அது நன்றாகத் தெரியும். யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்து, பிறகு வுப்பர்டாலில் நகரப் பேருந்து ஓட்டுநரானவர். ஆரணியின் தந்தையின் நண்பர். முன்கணிப்பு ஒன்று செய்து தரச் சொல்லி அவளைக் கேட்டபோது அவர் சொன்ன காரணம் ஒன்றுதான்.

"நாங்கள் சொன்னா அது எங்கட கதை, பிள்ளை. நீர் சொன்னா அது கணக்கு."

அந்தக் கணக்கைச் சனிக்கிழமை மண்டபத்தில், ஆரணியின் பெயரோடு, அவர் அறிவிக்கவிருந்தார். உள்ளூர்ப் பத்திரிகையின் நிருபர் ஒருவர் வருவதாக ஒப்புக்கொண்டிருந்தார். தமிழரின் எந்தக் கூட்டத்துக்கும் அந்தப் பத்திரிகையிலிருந்து அதுவரை யாரும் வந்ததில்லை. தொண்ணூற்றாறு என்று கேட்டதும் உருத்திரமூர்த்தி அதைப் பெரிய எழுத்தில் பதாகையாக அடிக்கக் கொடுத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஆரணி தொலைபேசிப் பதிவுகளைத் திறந்தாள். பதிவுசெய்யச் சம்மதித்தவர்களின் அழைப்புகள் அவை. பெரும்பாலானவற்றில் கேட்பது, குழுவுக்காக அழைப்புகளை எடுத்த சயந்தினியின் குரல். பல் வைத்தியரிடம் வேலை செய்பவள். நாள் முழுக்க நோயாளிகளை அழைத்து, வரவேண்டிய நாளையும் நேரத்தையும் சொல்லி டெர்மின் கொடுத்துப் பழகியதால் தொலைபேசியில் அவளுக்குப் பயமில்லை. கேள்வியை எழுதியவர் உருத்திரமூர்த்தி. அதை ஓர் எழுத்தும் தவறாமல் அவள் வாசித்திருந்தாள்.

"இலங்கைத் தீவில் தமிழ் மக்களின் பாரம்பரியத் தாயகமாக விளங்கும் வடக்குக் கிழக்கில்..."

"ஓம்," என்றது மறுமுனை.

"...தமிழ் மக்கள் தம்மைத் தாமே ஆளும் உரிமையின் அடிப்படையில்..."

"ஓம், ஓம்."

"...சுதந்திரமும் இறைமையும் கொண்ட தனிநாடு அமைவதை நீங்கள் ஆதரிக்கிறீர்களா?"

"ஓம்... சொல்லுங்கோ பிள்ளை."

சயந்தினி ஆதரவு என்று குறித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போயிருந்தாள். ஒரே நாட்டுக்குள் கூடுதல் அதிகாரம் கிடைத்தால் போதும் என்று நினைக்கிறீர்களா? அதற்கும் ஓம். இன்னும் முடிவெடுக்கவில்லையா? அதற்கும் ஓம். பின்னால் குக்கர் விசிலடித்தது. கடைசியில்தான் மறுமுனையில் இருந்த பெண் வேறு வார்த்தை பேசினார்; இப்போது கேள்வியைக் கேட்கலாம், அடுப்பை நிற்பாட்டிவிட்டேன் என்றார்.

ஆரணி தனியே இருந்து சிரித்தாள். பிறகு அடுத்த பதிவைக் கேட்டாள், அதற்கடுத்ததையும். சிரிப்பு நின்றுவிட்டது. அவளுடைய அம்மா தொலைபேசியை எடுத்தால் அரை மணி நேரம் ஓம் ஓம் என்று சொல்லிக்கொண்டேயிருப்பார். வைத்துவிட்டுத் திரும்பி, "ஏலாது எண்டு சொல்லிப்போட்டன்," என்பார். அந்த ஓம் சம்மதம் அல்ல. கேட்டுக்கொண்டிருக்கிறேன், லைன் அறுந்துபோகவில்லை என்று மறுபக்கத்துக்குத் தெரிவிக்கும் சத்தம். பிறந்ததிலிருந்து கேட்ட சத்தத்தை ஆமாம் என்று எண்ணித் தன் பெயரில் வெளியிடப் பார்த்திருக்கிறாள்.

திங்கட்கிழமை மதியம், மலைமேல் இருக்கும் கடைசித் தரிப்பிடத்தில், பேருந்தை நிறுத்திவிட்டு உருத்திரமூர்த்தி இடைவேளையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஆரணி பக்கத்து இருக்கையில் அமர்ந்து பதிவைப் போட்டுக் காட்டினாள். குக்கர் சத்தம் வந்த இடத்தில் அவர் சாப்பிடுவதை நிறுத்தினார்.

ஓம் என்றால் ஓம்தானே என்று முதலில் வாதாடினார். சனத்தின் மனம் தனக்குத் தெரியும் என்றார். மண்டபம் எடுத்தாயிற்று, நிருபருக்குச் சொல்லியாயிற்று, பதாகை வந்துவிட்டது என்றார். சனிக்கிழமைக்கு இன்னும் ஐந்து நாள்தான் இருக்கிறது என்று அவள் நினைவூட்டியபோது, அதைத்தானே நானும் சொல்கிறேன் என்றார்.

"மாமா, அந்த நிருபர் தமிழ் தெரிஞ்ச ஒருத்தரைக் கூட்டிக்கொண்டு வந்து இதைக் கேட்டா, பிறகு வாக்கெடுப்பில எத்தினை பேர் வந்து போட்டாலும் ஒருத்தரும் நம்பமாட்டினம்."

உருத்திரமூர்த்தி கண்ணாடிக்கு வெளியே பார்த்தார். கீழே பள்ளத்தாக்கில் நகரம் ஈரமாகக் கிடந்தது.

"குக்கர் மட்டும் இல்லைப் பிள்ளை," என்றார் கடைசியில். "ஆர் கேக்கினம் எண்டு தெரியாட்டில் எங்கட சனம் ஓம் எண்டுதான் சொல்லும். ஆமி மறிச்சுக் கேட்டாலும் ஓம். எங்கட இயக்கத்துப் பெடியள் வந்து கேட்டாலும் ஓம். இல்லை எண்டு சொன்னவன்ர வீட்டில என்ன நடந்தது எண்டு எல்லாரும் பாத்தவை. நானும் ஓம் சொல்லித்தான் தப்பி வந்தனான்."

அவள் என்ன செய்வது என்று கேட்டாள்.

"திரும்பக் கேப்பம். இந்தமுறை இல்லை எண்டு சொல்ல விட்டுக் கேப்பம்."

அன்று மாலையே அவர் தான் எழுதிய கேள்வியை எடுத்து வெட்டினார். தாயகமும் இறைமையும் போயின. மிஞ்சியது ஒரு வரி: தமிழருக்குத் தனிநாடு வேணுமோ, வேண்டாமோ, இன்னும் முடிவெடுக்கேல்லையோ? ஓம் என்ற விடை ஏற்கப்படாது. மூன்றில் ஒன்றை அவர்களே வாயால் சொல்லவேண்டும். கேட்பவர் முதலில் தன் பெயரையும் ஊரையும் சொல்லி, வேண்டாம் என்பதும் ஒரு விடைதான், அதுவும் அப்படியே எண்ணப்படும் என்று சொல்லிவிட்டே தொடங்கவேண்டும். சயந்தினி வேலை முடிந்து வந்து மாலை முழுவதும் அழைத்தாள். ஆரணி லீவு போட்டாள். உருத்திரமூர்த்தி மட்டும் அழைக்கவில்லை. தன் குரலைக் கேட்டால் சனம் பழையபடி தலையாட்டும் என்று அவரே ஒதுங்கிக்கொண்டார்.

குக்கர் வைத்த பெண்ணை ஆரணியே அழைத்தாள். பெயர் கலாதேவி, வுப்பர்டாலில்தான் இருந்தார், ஒரு முதியோர் இல்லத்தில் சமையல். கேள்வியைக் கேட்டதும் மறுமுனையில் ஓம் வரவில்லை. எதுவுமே வரவில்லை. லைன் அறுந்துவிட்டதோ என்று அவள் நினைத்தாள்.

"வேண்டாம்," என்றார் கலாதேவி. "எழுதுங்கோ. என்ர தம்பியை அதுக்குக் குடுத்தனாங்கள். திரும்ப ஒருக்காக் குடுக்க எங்களிட்ட ஆக்கள் இல்லை. எழுதினீங்களோ?"

எழுதிவிட்டதாக ஆரணி சொன்னாள்.

"இவ்வளவு காலத்தில இதை ஒருத்தரும் என்னட்டக் கேக்கேல்லை, பிள்ளை."

வெள்ளிக்கிழமை புதிய முடிவு வந்தது. வேணும் என்றவர்கள் எழுபத்தொரு வீதம். வேண்டாம் பதின்மூன்று. மற்றவர்கள் முடிவெடுக்கவில்லை. வேறு நகரங்களின் குழுக்களிலிருந்து உருத்திரமூர்த்திக்குத் தொலைபேசிகள் வந்தன. எழுபத்தொன்றை மட்டும் சொன்னால் போதாதா என்றார்கள். பதின்மூன்றை ஏன் நாமே ஊருக்குச் சொல்லவேண்டும், கொழும்பு கைகொட்டிச் சிரிக்காதா என்றார்கள். ஒருவர் அவரைத் துரோகி என்றே சொல்லிவிட்டார். அந்தச் சொல்லைத் தானும் ஒருகாலத்தில் வாரி இறைத்தவர் என்பதால் உருத்திரமூர்த்திக்கு அது இரவு முழுவதும் நெஞ்சில் கிடந்தது. காலையில் அவர் சவரம் செய்து, கோட் போட்டு, மண்டபத்துக்கு எல்லோருக்கும் முன்னால் வந்திருந்தார். பதாகையைக் கட்டவில்லை.

மண்டபம் நிறைந்திருந்தது. நிருபர் முன்வரிசையில் இருந்தார். உருத்திரமூர்த்தி முதலில் தமிழிலும் பிறகு பேருந்தில் பேசிப் பழகிய ஜெர்மனிலும் சொன்னார். முதல்முறை கேட்டது பிழை என்பதை மறைக்கவில்லை. எப்படிப் பிழையாகிப்போனது என்று அவர் விளக்கியபோது, தங்கள் வீட்டுத் தொலைபேசிகளை நினைத்து மண்டபமே சிரித்தது. பிறகு மூன்று எண்களையும் வாசித்தார். எழுபத்தொன்றுக்குக் கைதட்டினார்கள். பதின்மூன்றுக்கு மண்டபம் அமைதியாயிற்று. அவர் அந்த எண்ணை இன்னொருமுறை, கொஞ்சம் உரக்க வாசித்தார்.

"அவையும் எங்கட சனம்தான்," என்றார்.

பின்வரிசையில் ஒரு பெண் எழும்பினார். தன் பெயர் கலாதேவி என்றார். குரலைக் கேட்டதும் ஆரணிக்கு ஆளைத் தெரிந்துவிட்டது.

"அண்ணை, வாக்கெடுப்புக்கு முதல் கூட்டம் வைக்கிறியள்தானே. ஏன் வேணும் எண்டு நீங்கள் கதைப்பியள். ஏன் வேண்டாம் எண்டு ஆர் கதைக்கிறது?"

சிலர் உட்காரச் சொல்லிச் சத்தம் போட்டார்கள். உருத்திரமூர்த்தி கையை உயர்த்தி அந்தச் சத்தத்தை நிறுத்தினார்.

"நீங்கள் கதைப்பியளோ, தங்கச்சி?"

"கதைப்பன். மைக்கை இடையில பறிக்கமாட்டியளெண்டா."

"பறிக்கமாட்டன். ஆனா கடைசியா நான்தான் கதைப்பன்."

"கடைசிப் பேச்சுத்தான் மனதில நிக்கும். அது உங்களுக்குத் தெரியும். நான் கடைசி."

மண்டபம் மறுபடி சிரித்தது. இம்முறை சத்தம் போட்டவர்களும் சிரித்தார்கள். காசு சுண்டிப் பார்க்கலாம் என்று சயந்தினி பின்னாலிருந்து சொல்ல, உருத்திரமூர்த்தி ஒத்துக்கொண்டார். நிருபருக்கு என்ன நடக்கிறதென்று புரியவில்லை. ஆரணி பக்கத்தில் போய் ஜெர்மனில் விளக்கினாள்: அந்தப் பெண் எதிராகப் பேச நேரம் கேட்கிறார், தலைவர் கொடுக்கிறார், யார் முதலில் என்பதில்தான் இழுபறி.

உங்கள் கூட்டங்களில் இது வழக்கமா என்று நிருபர் கேட்டார்.

ஆரணி மேடையைப் பார்த்தாள். உருத்திரமூர்த்தி தன் சட்டைப்பையில் ஒரு நாணயத்தைத் தேடிக்கொண்டிருந்தார். கலாதேவி வரிசைகளுக்கிடையால் முன்னே நடந்து வந்துகொண்டிருந்தார். இருந்தவர்கள் கால்களை மடக்கி அவருக்கு வழிவிட்டார்கள்.

"இல்லை," என்றாள் ஆரணி, தலையை நிமிர்த்தி. "இதுதான் முதல் தடவை. அதையும் எழுதுங்கள்."