பன்னிரண்டாவது கட்டம்

அந்த ஆடிக்கிருத்திகை முதல் திருத்தணியில் களவுபோன பொருள்களெல்லாம் மெக்கானிக் நஜீர் அகமதின் வீட்டுக்குத் தாமாகவே வந்து சேர்ந்தன. தங்கச் சங்கிலிகள் பல்லி மாதிரிச் சுவரேறி ஜன்னல் வழியாக வந்தன. செல்போன்கள் வாசற்படியில் நின்று ஒருமுறை அடித்துவிட்டு உள்ளே வந்தன. தோல் வாசனையோடு பர்ஸ்கள் வந்தன. வந்தவை நேராக மகன் அல்தாஃபின் சட்டைப் பைக்குள் போய்ப் படுத்துக்கொண்டன. அதே வாரத்தில் தக்காளி விலை கொஞ்சம் இறங்கியது என்பதால் ஊரில் முதலில் யாரும் இதைப் பெரிதாகப் பேசவில்லை.

காரணம் ஒரு பிளெக்ஸ் பேனர். வருடாவருடம் ஆடிக்கிருத்திகைக்குக் காவடிக் கூட்டம் வந்து குவிவதற்கு முன்பு, மலையடிவாரத்தில் பிக்பாக்கெட் திருடர்களின் முகங்களைப் போட்டு, இவர்களிடம் ஜாக்கிரதை என்று போலீசார் பேனர் வைப்பார்கள். பன்னிரண்டு கட்டம், பன்னிரண்டு முகம். பன்னிரண்டாவது முகமான முனியன் அந்த வருடம் மஞ்சள்காமாலையில் செத்துப்போனான். காலிக் கட்டத்தைப் பார்த்து பேனரின் உபயதாரரான காண்ட்ராக்டர் சாமிநாதன் முகம் சுளித்தார். “நல்ல நாளும் அதுவுமா கட்டம் காலியா இருந்தா நல்லாவா கீது? எதனா போட்டு ரொப்புப்பா” என்றார். பிளெக்ஸ் கடை நவீன்குமாரின் கம்ப்யூட்டரில் ஒரு கல்யாண பேனருக்காகக் கொடுத்த அல்தாஃபின் படம் இருந்தது. கூலிங் கிளாஸ் போட்டுச் சிரித்துக்கொண்டிருக்கும் படம். அளவு பார்ப்பதற்காக அதைக் கட்டத்தில் வைத்தவன், பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று டீ குடிக்கப் போனான், மறந்துபோனான். திருடர்களுக்கெல்லாம் கீழே, அத்தனை பேரையும் சேர்த்ததைவிடப் பெரிதாக, சாமிநாதன் கைகூப்பி நின்றார்.

கொத்தமல்லி வாங்கப் போன குல்ஜார் பேகம்தான் மகனை அங்கே முதலில் பார்த்தாள். அரக்கோணம் ரோட்டில் அப்பாவின் ஷெட்டில் வண்டி பார்க்கிறவன், பக்கத்துக் கடை ஸ்பேனரைக்கூடக் கேட்காமல் தொடாதவன், பதினொரு திருடர்களோடு சேர்ந்து சிரித்துக்கொண்டிருந்தான். அவள் ஸ்டேஷனுக்கு ஓடினாள். ஏட்டு தலையைச் சொறிந்தார். “கூட்டம் முடியட்டும் பாயம்மா. இப்ப பேனர எறக்கனா பசங்களுக்கு பயம் உட்டுப்போயிடும்.” கூட்டம் முடிந்தது, பேனர் இறங்கவில்லை, பொருள்கள் வரத் தொடங்கின.

தினமும் காலையில் அவள் அவற்றை ஒயர் கூடையில் அள்ளிக்கொண்டுபோய் ஸ்டேஷனில் கொட்டினாள். முதல் நாள் நாற்காலி போட்டார்கள். அடுத்த வாரம் எழுந்து நிற்கச் சொன்னார்கள். பொருளைத் தொலைத்தவர்கள் பிறகு நேராக வீட்டுக்கே வந்து, சந்தையில் கத்தரிக்காய் பொறுக்குவதுபோலப் பொறுக்கி எடுத்துக்கொண்டு, போகும்போது காறித் துப்பிவிட்டுப் போனார்கள். நிஜமான திருடர்களும் வந்து வாசலில் உட்கார்ந்து, தங்கள் உழைப்பையெல்லாம் இவன் சுரண்டுகிறான் என்று புலம்பினார்கள். ஷெட்டில் யாரும் வண்டி விடுவதில்லை. அல்தாஃபுக்குப் பேசி வைத்திருந்த அரக்கோணத்துப் பெண் அஃப்ஷாவின் வீட்டார் மோதிரத்தைத் திருப்பி அனுப்பினார்கள். வாசல் எச்சிலைத் தினமும் பினாயில் ஊற்றிக் கழுவிய குல்ஜார் பேகத்துக்கு மனித வாயை நினைத்தாலே குமட்டியது.

அவன் ஏன் இப்படி ஆனான் என்று ஊர் ஆராயத் தொடங்கியது. டீக்கடையில், ரத்தத்திலேயே இருக்கிறது என்றார்கள். ஏட்டு, காது மடல் ஒட்டியிருந்தால் கை நிற்காது, முப்பது வருட சர்வீசில் பார்த்தது என்றார். சென்னையிலிருந்து குற்றவியல் பேராசிரியர் வேதாசலம் வந்து, அல்தாஃபின் மண்டையை டேப்பால் அளந்தார், அந்தக் கொள்கை காலாவதியாகிவிட்டது என்று அவரே சொல்லிவிட்டு மறுபடியும் அளந்தார். பிஸ்கெட்டை டீயில் நனைத்துக்கொண்டே, அப்பா அடிப்பாரா, சின்ன வயதில் நாயைக் கல்லால் அடித்தானா, சகவாசம் எப்படி என்று கேட்டார்.

“பேனர்ல போட்டாங்க சார், அதுக்கப்புறம்தான் வருது” என்றாள் குல்ஜார் பேகம்.

“அது காரணம் இல்லம்மா, விளைவு” என்றார் அவர். மறுநாள் விடியற்காலையில் அவருடைய டாக்டர் பட்ட ஆய்வு முழுதும் பக்கம் பக்கமாகப் பறந்து வந்து அல்தாஃபின் பைக்குள் தன்னைத் திணித்துக்கொண்டது. அதை எழுதிய மாணவி யாரென்று குல்ஜார் பேகத்துக்குத் தெரியாது. பேராசிரியருக்குத் தெரிந்திருந்தது. அவர் டேப்பை மறந்துவிட்டு முதல் பஸ்ஸில் போய்விட்டார்.

கார்த்திகையில் பெரிய பொருள்கள் வர ஆரம்பித்தன. ரேஷன் அரிசி மூட்டைகள் உருண்டு வந்தன. சத்துணவு முட்டைகள் ஒன்றுகூட உடையாமல் வரிசையாக வந்தன. ஒரு மழைநாளில் கொசஸ்தலை ஆற்று மணல் வந்தது. தெருமுனையில் வளைந்து, வாசலில் செருப்பைக் கழற்றுவதுபோல் கொஞ்சம் தயங்கி, உள்ளே புகுந்து கட்டில் உயரத்துக்கு நின்றது. சட்டைப் பையில் அடங்காது என்பதால் அல்தாஃபைச் சுற்றிக்கொண்டது. அன்று மாலை காண்ட்ராக்டர் சாமிநாதன் பின்வாசல் வழியாக வந்தார். பேனரில் கூப்பிய அதே கையைக் கூப்பினார்.

“போட்டோவ நாளைக்கே எடுத்துட்றேன் பாயம்மா. நான் லாரி அனுப்பறேன், மணல மட்டும் குடுத்துடு.”

மகன் மணலில் இடுப்பளவு உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு சொல் போதும், கட்டம் காலியாகிவிடும். ஆனால் சாமிநாதன் மேலிருந்து அடித்த செண்டு வாசனைக்கு அவள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

“ஸ்டேஷனுக்கு வந்து உன்துன்னு சொல்லிட்டு எடுத்துனு போ நைனா” என்றாள்.

அவர் போய்விட்டார். மணல் இருந்தது, படமும் இருந்தது. அன்றிலிருந்து அல்தாஃப் அம்மாவிடம் அதிகம் பேசவில்லை. குடும்பம் மணல்மேல் பாய் விரித்துப் படுத்தது.

தைக் கிருத்திகைக்கு மறுநாள் காலையில் ஒயர் கூடையோடு எழுந்த குல்ஜார் பேகம் எடுத்துப்போக எதுவுமில்லாமல் நின்றாள். வீடு காலியாக, சிமெண்டுத் தரை தெரிய இருந்தது. மணல் போய்விட்டிருந்தது. அது காண்ட்ராக்டர் யார்டில் குவிந்துகிடப்பதாகப் பால்காரர் சொன்னார். அல்லாவுக்கு நன்றி சொல்லிக்கொண்டே மகனின் சட்டையைத் துவைக்க எடுத்தபோது, பையில் ஒரு குழந்தையின் ஒற்றை வெள்ளிக் கொலுசு இருந்தது. அதில் சந்தனம் ஒட்டியிருந்தது. சரவணப் பொய்கையில் மொட்டை போட்டுச் சந்தனம் பூசிய ஏதோ ஒரு குழந்தையின் கால்.

“இது மட்டும் ஏன்டா வந்துச்சு?”

“அது வர்ல அம்மி. நேத்து கூட்டத்துல நான்தான் எடுத்தேன்” என்றான் அல்தாஃப். “எல்லாத்தையும் நான்தான் எடுத்தேன்னு ஆய்போச்சு. ஒண்ணையாவது நானே எடுக்கலாம்னு எடுத்தேன். அன்னிக்கே மணல குடுத்து உட்டிருக்கலாம் இல்ல?”

அவள் கொல்லைக்கு ஓடிப்போய் வாந்தி எடுத்தாள். குழந்தையின் காலைத் தொட்ட கை மேல் அருவருப்பு, செண்டு வாசனை மேல் அருவருப்பு, மண்டையை அளந்த டேப் மேல், அன்றைக்குத் தன் வாயிலிருந்து வந்த ரோஷத்தின் மேல். எது எதற்காக என்று பிரிக்க முடியவில்லை, எல்லாம் ஒரே கசப்பாக வந்தது. மகனையும் கூட்டிக்கொண்டுபோய், அவன் எடுத்தது என்று சொல்லிக் கொலுசை ஸ்டேஷனில் கொடுத்தாள். ஏட்டு அவனுடைய காது மடலை ஒருமுறை பார்த்துக்கொண்டு, நிம்மதியாக எழுத உட்கார்ந்தார். ஊரும் நிம்மதியானது. களவுபோன பொருள்கள் பழையபடி களவாண்டவர்கள் வீட்டிலேயே தங்கின. பேராசிரியர், தாம் முன்பே கணித்ததாக ஒரு கூட்டத்தில் பேசினார்.

அடுத்த ஆடிக்கிருத்திகைக்கு நவீன்குமார் பழைய பேனரையே வருடத்தை மட்டும் மாற்றி அச்சடித்தான். வேறு எதையும் அவன் தொடவில்லை. ஆனாலும் பன்னிரண்டாவது கட்டத்தில் கூலிங் கிளாஸ் இல்லை, சிரிப்பு இல்லை. அல்தாஃப் ஸ்டேஷன் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு, மற்றவர்களைப் போலவே நேராகப் பார்த்தான். யாருக்கும் அது விசித்திரமாகத் தெரியவில்லை. அடிவாரத்தில் பூக்கட்டும் சுலோச்சனா, கொத்தமல்லிக் கட்டோடு போன குல்ஜார் பேகத்தைக் கூப்பிட்டு அன்பாகவே சொன்னாள்.

“போன வருசத்துக்கு இந்த வருசம் போட்டோ நல்லா விழுந்துகீதுக்கா. ஆளு பளிச்சுனு தெரியறான்.”

“ஆங்” என்றாள் குல்ஜார் பேகம். வாயில் ஊறியதைத் துப்ப இடம் தேடினாள். எல்லா இடத்திலும் ஆட்கள் நின்றுகொண்டிருந்ததால், விழுங்கிக்கொண்டு நடந்தாள்.