நூற்றுப் பதினாறு காட்டிய கோடு

காலை எட்டு மணிக்கு மீன் ஆலையின் கண்ட்ரோல் ரூமுக்குள் நுழைந்து திரையைப் பார்த்ததுமே எனக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது. மத்தி டப்பாக்களை வேகவைக்கும் கொப்பரையின் வெப்பக் கோடு, ஸ்கேல் வைத்து இழுத்ததுபோல் நேராக நின்றது. நேற்றுப் புது பம்ப் மாட்டியதிலிருந்து அது துடிக்காத நிமிஷமே கிடையாது.

"யார் இதுல கை வச்சது?"

"நான்தான்," என்றார் மேனேஜர் ஸி பூஷ்தா; எங்கள் ஊரில் 'ஸி' என்றால் ஐயா, 'லல்லா' என்றால் அம்மா. "ஒரு செகண்டுக்குச் சராசரி எடுக்கிற ஃபில்டரை அறுபது செகண்ட் ஆக்கினேன். இப்போ பாரு, வேக வேண்டிய நூத்திப் பதினாறு டிகிரி, அசையுதா? முதல் கொப்பரை வெந்து லாரியில ஏறுது. சஃபி துறைமுகத்துல மூணு படகு மீனோட நிக்குது, லல்லா ஸுஹூர். உன் ஆராய்ச்சிக்கு அது காத்திருக்குமா?"

"சராசரி போட்டா வயர்ல வர்ற மின் இரைச்சல் மறையும், ஒழியாது! நிஜச் சூடு என்னன்னு தெரியாம வேகவச்சிருக்கீங்க. அரைவேக்காட்டு டப்பாவைத் தின்னு ஒருத்தன் செத்தா?"

"பத்து நிமிஷம் தர்றேன். கண்டுபிடி."

நான் ஓடினேன். எலக்ட்ரீஷியன் மிலூதி பின்னாலேயே வந்தான். சென்சார் வயரைச் சுற்றியுள்ள செம்புப் பின்னலை ஒரு முனையில் மட்டும்தான் எர்த் செய்ய வேண்டும். பேனலில் அதை என் கையாலேயே செய்திருந்தேன். கொப்பரைப் பக்கத்து மூடியைத் திறந்தால், அங்கேயும் பளபளவென்று ஓர் எர்த்!

"யோவ், இது யார் வேலை?"

"எங்க ஷிஃப்ட்தான். நீங்க பண்ணியிருப்பீங்கன்னு எப்படி நம்புறது?"

"நம்பாத, கேட்டிருக்கலாம்ல? ரெண்டு பக்கமும் எர்த் ஆனதால பம்ப்போட இரைச்சல் மொத்தமும் இதுக்குள்ள சுத்துது!"

அவன் அந்த எர்த்தின் ஸ்க்ரூவைக் கழற்றினான். பாய்ந்து வந்து ஃபில்டரை மறுபடி ஒரு செகண்ட் ஆக்கினேன். கோடு துடிக்கவில்லை! அடக்காமலேயே அமைதியாக ஓடியது. நான் குலவை விட்டேன். மீன் அடுக்கும் பெண்கள் அத்தனை பேரும் எதற்கென்று தெரியாமலே கூடச் சேர்ந்து விட்டார்கள். மிலூதி கைதட்டி ஆடினான்.

பிறகுதான் எண்ணைப் பார்த்தேன். நூற்றுப் பதினொன்று.

துடிப்புகள் பெரும்பாலும் மேல்நோக்கியே குத்தியிருக்கின்றன. சராசரி போட்டதும் இல்லாத ஐந்து டிகிரி சேர்ந்துகொண்டது. அந்த நேர்கோடு பொய் சொல்லியிருக்கிறது.

"ஸி பூஷ்தா... முதல் கொப்பரை வேகல."

அவர் முகம் வெளுத்தது. லாரியில் ஏறியவை துறைமுகக் கிடங்கில் மற்ற டப்பாக்களோடு கலந்துவிட்டால் பொறுக்கி எடுக்க முடியாது. வெள்ளை ரப்பர் பூட்ஸோடு அந்தக் கனத்த மனிதர் எனக்கு முன்னால் ஓடினார். கேட்டைத் தாண்டப் போன லாரியின் முன்னால் இரண்டு கையையும் விரித்து நின்றார்.

"விலகுங்க ஸி, லேட்டாகுது!" என்று டிரைவர் ஹாரன் அடித்தார்.

"என் மேல ஏத்திட்டுப் போ! டப்பா போகாது!"

என்ஜின் அணைந்தது. ஒன்பதாயிரம் டப்பாவும் வாசலுக்கு உள்ளேயே நின்றன. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.