செல்லச்சாமி இருந்த இரண்டு இடங்கள்

கட்டுக்கலைப் பிள்ளையார் சாட்சியாக, கீழே வருவதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. இருந்தால் இதை எழுதியவனின் பற்கள் கொட்டிப் போகட்டும். ஏற்கெனவே கொட்டிய பதினொன்றும் வேறு காரணத்தால் கொட்டியவை. அவற்றை இந்தச் சத்தியத்தில் சேர்க்கக் கூடாது.

2010ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் பதினோராம் திகதி, திங்கட்கிழமை, காலை பத்தே காலுக்கு, மாநகர சபையில் தண்ணீர் மீட்டர் வாசிக்கும் செல்லச்சாமி கண்டி மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் நின்றுகொண்டிருந்தார். அதே பத்தே காலுக்கு அவர் நாவலப்பிட்டி பஸ் ஸ்டாண்டிலும் உட்கார்ந்திருந்தார். இரண்டுக்கும் இடையில் இருபத்தைந்து மைல். அன்று லேசான வெயில், காற்று இல்லை.

விஷயம் வெளியே வந்தது அவருடைய போனால். பொத்தானே இல்லாத, முகம் முழுக்கக் கண்ணாடியான போன் கண்டியில் விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்களிடம் இருந்த காலம் அது. தண்ணீர்ப் பகுதியில் அவர் ஒருவரிடம்தான் இருந்தது. செல்லச்சாமிக்கு அப்போது முப்பத்து நாலு வயது, கல்யாணம் ஆகவில்லை. ஞாயிறு பேப்பரில் போனைப் பற்றி எது வந்தாலும் வெட்டி, பழைய மீட்டர் புத்தகத்தில் ஒட்டி வைப்பார். கொரியாவில் அடுத்த வருஷம் எந்த போன் வரப்போகிறது என்று கேட்டால் எடை, நீளம், நிறம் எல்லாம் சொல்வார். தங்கச்சியின் இரண்டாவது பிள்ளைக்கு என்ன பெயர் என்று கேட்டால் கொஞ்சம் யோசிப்பார். போனைக் கந்தோருக்குக் கொண்டுவந்த அன்று தலைமை கிளாக் தனுஜா சவர்க்காரம் போட்டுக் கை கழுவி, சேலைத் தலைப்பில் துடைத்துவிட்டு வந்துதான் அதைத் தொட்டார். அந்த வருஷத்து ஆயுத பூசையில் ஸ்பேனர், குழாய், மீட்டர் வரிசையில் அதற்கும் ஒரு சந்தனப் பொட்டு விழுந்தது. அதோடு குடும்பம் நடத்துவது லேசாக இல்லை. பகல் இரண்டு மணிக்கு பட்டரி செத்துவிடும்; பிறகு சார்ஜரைக் கழுத்தில் போட்டுக்கொண்டு சலூனிலும் பார்மசியிலும் பிளக் கேட்டு அலைய வேண்டும். ஈர விரலுக்கு அது அசையாது, தண்ணீர்ப் பகுதி ஆளுக்கோ விரல் எந்நேரமும் ஈரம். அதனால் வலது ஆட்காட்டி விரலை மட்டும் உலகத்திலிருந்து விலக்கி வைத்தார். சோறு தின்னும்போதுகூட அதை எதையோ சுட்டிக்காட்டுவதுபோல நீட்டியே வைத்திருக்கப் பழகிக்கொண்டார்.

இவ்வளவும் நிரஞ்சனிக்காக. நாவலப்பிட்டி பஸ் ஸ்டாண்டில், காசு கொடுத்து போன் பேசும் ஒரு கொமினிகேஷன் இருந்தது. இரண்டு கண்ணாடிப் பூத், ஒரு மின்விசிறி, சிவப்பு இலக்கத்தில் ஓடும் மீட்டர், மீட்டருக்குப் பின்னால் நிரஞ்சனி. தேயிலைத் தோட்டத்தில் இருக்கும் தங்கச்சி வீட்டுக்கு ஒவ்வொரு சனிக்கிழமையும் போகும் செல்லச்சாமி, வழியில் இறங்கி இரண்டாம் நம்பர் பூத்துக்குள் போவார். தன் சொந்தக் கந்தோர் நம்பரை அடிப்பார். சனிக்கிழமை பின்னேரம் அங்கே ஒருவரும் இருக்க மாட்டார்கள். மணி அடித்துக்கொண்டே இருக்கும், அவர் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே இருப்பார். அது தானாக ஓய்ந்ததும் வெளியே வந்து "யாரும் எடுக்கல" என்பார். "அடுத்த கிழமை பாருங்க" என்பாள் அவள். எடுக்காத அழைப்புக்குக் காசு இல்லை. மூன்று வருஷமும் நாலு மாதமும் இதுதான் இருவரும் பேசிய பேச்சு. ஒரே ஒருமுறை காவலாளி போனை எடுத்துவிட்டார். செல்லச்சாமி பயந்துபோய் வைத்துவிட்டார். அன்று மட்டும் அவள் "பேசிட்டீங்களா" என்று கேட்டாள். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. அதைக் கவனிக்கத் தெரிந்த மனிதராக இருந்திருந்தால் இந்தக் கதைக்கு வேலை இருந்திருக்காது.

போனை வாங்கி முதல் சனிக்கிழமை அதைக் கொண்டுபோய் அவளுடைய மேசையில் வைத்தார். காட்ட வேண்டும் என்பதற்காகவே வாங்கியது. அவள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், விரலால் ஒருமுறை தள்ளிப் பார்த்தாள், பிறகு துடைத்துக் கையில் கொடுத்தாள்.

"அப்ப இனி இங்க வர மாட்டீங்க."

"இனி எதுக்கு வரணும்? எல்லாம் இதுக்குள்ளயே இருக்கே" என்றார் செல்லச்சாமி, பெருமையாக.

அவள் சொன்னதும் தான் சொன்னதும் என்ன என்பது மறுநாள் கண்டிக்குத் திரும்பும் வழியில் கம்பளை தாண்டும்போதுதான் அவருக்கு விளங்கியது. திரும்பிப் போய் என்ன சொல்வது? கையில் போனை வைத்துக்கொண்டு, போன் பேச வந்தேன் என்று எப்படிச் சொல்வது? அடுத்த சனிக்கிழமையிலிருந்து பஸ்ஸை விட்டுவிட்டு ரயிலில் போனார். நாவலப்பிட்டி ஸ்டேஷனில் இறங்கி, பஸ் ஸ்டாண்ட் கண்ணில் படாமல் பின்பக்கத்துப் பாதையால் தோட்டத்துக்கு ஏறினார்.

அந்தத் திங்கட்கிழமைதான் மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் நின்று முதன்முதலாக மேப்பைத் திறந்தார். நாம் நிற்கும் இடத்தில் ஒரு நீலப் புள்ளி துடிக்கும் என்று பேப்பரில் படித்திருந்தார். புள்ளி துடித்தது. கண்டியில் அல்ல. இரண்டு விரலால் விரித்துப் பார்த்தார்: நாவலப்பிட்டி. இன்னும் விரித்தார்: பஸ் ஸ்டாண்ட். இன்னும் விரித்தபோது கொமினிகேஷனின் கூரை வந்தது. கூரையின் இடது மூலையில், இரண்டாம் நம்பர் பூத் இருக்கும் இடத்தில், அவர் உட்கார்ந்திருந்தார்.

போன் வாங்கிய கடைக்கே கொண்டுபோனார். கண்டி மார்க்கட்டுக்குப் பக்கத்தில் கடை வைத்திருந்த மர்சூக், அலவத்துகொட ஆள், அதைக் கழற்றிப் பூட்டினார், உள்ளே இருந்ததையெல்லாம் அழித்துப் புதிதாக ஏற்றினார், மூன்று நாள் வைத்துப் பார்த்தார். புள்ளி அசையவில்லை.

"போன்ல ஒரு பிழயும் இல்ல அண்ணே. அது சரியாத்தான் காட்டுது" என்றார் மர்சூக். "நீங்கதான் நீங்க ஈக்கிற எடத்தில இல்ல. ஒருக்காப் போய்ப் பாத்துட்டு வாங்களே, கடிக்கவா போறாங்க?"

செல்லச்சாமி போகவில்லை. வெட்கம் ஒரு பக்கம். புள்ளி போய்க்கொண்டுதான் இருக்கிறதே என்ற சமாதானம் இன்னொரு பக்கம். வேலை நாட்களில் அது பூத்துக்குள் இருந்தது. பௌர்ணமி விடுமுறையான போயா தினத்தில் கடை பூட்டியிருந்தால் கதவுக்கு வெளியே நின்றது. நாவலப்பிட்டியில் மழைக்குக் கணக்கு இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். அங்கே போயா தினத்தில் மழை பெய்தால், கண்டியில் வெயிலில் நிற்கும் செல்லச்சாமி தொப்பலாக நனைந்தார். நாவலப்பிட்டிக் கடை திறக்காத ஒரு வேலை நாளில், கந்தோரிலும் ஒருமுறை நடந்தது. கதிரைக்குக் கீழே தண்ணீர் தேங்கி, ஃபைல் நனைந்து, தனுஜா ஒரு வாளி கொண்டுவந்து வைத்தார். தண்ணீர்ப் பகுதி அல்லவா, சும்மா விடுவார்களா? சீலிங்கைக் கழற்றிக் குழாய் தேடினார்கள். மூத்த மேஸ்திரி இருளப்பன் செல்லச்சாமியின் சட்டைக் கையைப் பிழிந்து ஒரு சொட்டு நாக்கில் விட்டுப் பார்த்து, இதில் குளோரின் இல்லை, இது நம்முடைய தண்ணீர் அல்ல என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதோடு விசாரணை முடிந்தது. வாளி மட்டும் அங்கேயே இருந்தது.

2013இல் எல்லோர் கையிலும் போன் வந்துவிட்டது. ஆள் வராத கொமினிகேஷனை முதலாளி மூடினார். பதினொரு நாள் நீலப் புள்ளி நாவலப்பிட்டி பஸ் ஸ்டாண்டைச் சுற்றிச் சுற்றி வந்தது. அந்தப் பதினொரு நாளும் செல்லச்சாமிக்குக் கால் வலித்தது. பன்னிரண்டாம் நாள் அது கம்பளை வழியாக மேலே வரத் தொடங்கியது. பேராதனை தாண்டியது. கண்டி டவுனுக்குள் நுழைந்தது. அவர் மீட்டர் புத்தகத்தோடு பஸ் தரிப்பில் நின்று பார்த்துக்கொண்டிருக்க, பல்லேகல பஸ் ஒன்று வந்து அவர் முன்னால் நின்றது. மூன்றாவது ஜன்னலில் நிரஞ்சனி, மடியில் ஒரு பயணப் பை. பஸ்ஸுக்குள் ஆட்கள் நெரிந்து நின்றார்கள், ஆனால் அவளுக்குப் பக்கத்து இருக்கையில் மட்டும் ஒருவரும் உட்காரவில்லை. செல்லச்சாமி கையைத் தூக்கினார். தூக்கிய கையில் போன் இருந்தது. அவள் போனைப் பார்த்தாள். அவர் கையை இறக்கிக்கொண்டார். போனில் புள்ளி அவர் நின்ற இடத்திலேயே துடித்தது. நாலு விநாடி இருக்கும். மூன்று வருஷத்தில் அந்த நாலு விநாடிதான் அவர் ஒரே இடத்தில் முழுசாக இருந்தது. பிறகு பஸ் கிளம்பியது.

அதன்பின் புள்ளி பல்லேகலையில் ஒரு ஆடைத் தொழிற்சாலைக்குள் குடியேறியது. கண்டியிலிருந்து அரை மணி நேரம். செல்லச்சாமி ஒவ்வொரு நாளும் நாளைக்குப் போகலாம் என்று இருந்தார். அப்படியே இன்னும் மூன்று வருஷம். அதற்குள் புதுப்புது போன்கள் வந்தன, அவர் எல்லாவற்றின் செய்தியையும் வெட்டி ஒட்டினார், ஒன்றையும் வாங்கவில்லை. மர்சூக் ஆசை காட்டுவதற்கு ஒவ்வொன்றாகக் கையில் கொடுத்துப் பார்த்தார். எல்லாவற்றிலும் புள்ளி அவர் நிற்கும் இடத்திலேயே நின்றது. நான் நிற்கும் இடம்தான் எனக்கே தெரியுமே, அதற்கு எதற்கு போன் என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

2016இல் ஒரு நாள் புள்ளி கொழும்புக்குப் போனது. பாஸ்போர்ட் எடுக்கும் இடத்தில் காலையிலிருந்து பின்னேரம் வரை நின்றது. அவள் வெளிநாட்டு வேலைக்குப் போகப் போகிறாள் என்பது செல்லச்சாமிக்கு உடனே விளங்கியது. குவைத்தா, டுபாயா தெரியாது. கடலுக்கு மேல் தன் புள்ளி போவதைப் போனில் பார்த்துக்கொண்டிருக்கத் தன்னால் முடியாது என்பது மட்டும் தெரிந்தது. மறுநாள் லீவு போட்டார். பல்லேகல மைதானத்தில் அன்று மேட்ச். கொடியும் ஊதுகுழலுமாய் நிரம்பிய பஸ்ஸில், ஒரு கையில் குடையும் ஒரு கையில் போனுமாகத் தொங்கிக்கொண்டு போனார். ஐந்தரைக்குத் தொழிற்சாலை கேட் திறந்தது. நிரஞ்சனி கூட்டத்தோடு வெளியே வந்தாள். இரண்டு அடி வந்து, அவரைப் பார்த்து நின்றாள். பிறகு தனக்குப் பக்கத்தில், ஒருவரும் இல்லாத இடத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

"நீங்க இங்க நிக்கிறீங்க?" என்றாள்.

செல்லச்சாமி பஸ்ஸில் மனப்பாடம் செய்து வந்ததில் ஒரு சொல்தான் மிஞ்சியிருந்தது. "போகாதீங்க."

"போகல. இவருக்குப் பாஸ்போர்ட் தர மாட்டாங்களாம். படம் விழல, கையெழுத்தும் வைக்க மாட்டேங்கிறாரு. தனியா விட்டுட்டுப் போக முடியுமா?"

பிறகு அவள் கேட்டோரத்தில் நின்று, காய்கறி விலை சொல்வதுபோலச் சொன்னாள். அவர் வராமல் போன முதல் சனிக்கிழமை மனசு சரியில்லாமல் கடையைப் பூட்டினாளாம். திங்கள் காலையில் திறந்தபோது இரண்டாம் நம்பர் பூத்தில் கதிரை சூடாக இருந்ததாம். ரிசீவருக்குள் எங்கேயோ மணி அடித்துக்கொண்டிருந்ததாம். அன்றிலிருந்து யார் வந்தாலும் அதில் ஆள் இருக்கு என்று சொல்லி ஒன்றாம் நம்பருக்கு அனுப்பினாளாம். அவர்களும் எட்டிப் பார்த்துவிட்டு, ஆமாம், இருக்கு என்று சொல்லிப் போனார்களாம். இங்கே தையல் மெசினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார், லைன் சுப்பர்வைசர்கூட அவரைச் சுற்றிக்கொண்டுதான் போவார், தொந்தரவு இல்லாத மனிதர் என்றாள்.

"அது நான்தான்" என்றார் செல்லச்சாமி.

"தெரியும்."

"அப்ப..."

"நீங்கதான் இனி எதுக்கு வரணும்னு கேட்டீங்க. இவரு அப்படிக் கேக்கல. ஆறு வருஷத்துல ஒரு நாள் வராம இருந்ததில்ல." அவள் கொஞ்ச நேரம் அவருடைய முகத்தையே பார்த்தாள். ஒரு விரலை நீட்டி, பழக்கதோஷத்தில் நீட்டியே இருந்த அவருடைய ஆட்காட்டி விரலை மடக்கிவிட்டாள். "ஒண்ணு செய்ங்க. அந்தக் குடையத் தாங்க. ஞாயித்துக் கிழமையில வெளிய நின்னு நனையறாரு, சொன்னாக் கேக்கறதில்ல."

செல்லச்சாமி குடையைக் கொடுத்தார். அவள் அதை விரித்து, தன் தலைக்கு மேல் இல்லாமல் கொஞ்சம் இடப்பக்கமாகப் பிடித்துக்கொண்டு பஸ் தரிப்புக்கு நடந்தாள். வானத்தில் மேகம் இல்லை. அன்றோடு கண்டியில் அவர்மேல் மழை பெய்வது நின்றுவிட்டது. தனுஜா வாளியை எடுத்து ஸ்டோருக்குத் திருப்பி அனுப்பினார்.

நிரஞ்சனி குண்டசாலையில் ஒரு அறை எடுத்தாள். அக்கம்பக்கத்தார் அவளைக் கல்யாணம் ஆனவள் என்றே நினைக்கிறார்கள், அவளும் மறுப்பதில்லை. செல்லச்சாமி வேலை முடிந்து கண்டி வாவியோரச் சுவரில் உட்கார்ந்து தினமும் போனைத் திறப்பார். பட்டரி ஊதிப் பின்மூடி கழன்றுவிட்டது. ரப்பர் பாண்டால் கட்டியிருக்கிறார். வெள்ளிக்கிழமையானால் புள்ளி கோவிலுக்குப் போகும். ஞாயிற்றுக்கிழமை சந்தைக்குப் போய், ஒரு கடையில் நின்று, இன்னொரு கடைக்குப் போய், முதல் கடைக்கே திரும்பி வரும். மற்ற நேரம் வீட்டில்தான். ஒருமுறை மர்சூக், பொறாமையாக இல்லையா என்று கேட்டார். பொறாமைப்பட அது வேறு யாரும் இல்லையே என்றார் செல்லச்சாமி. கொஞ்சம் கழித்து, அவன் என்ன சாப்பிடுகிறான் என்று மட்டும் தெரிந்தால் போதும் என்றார். செல்லச்சாமியைக் கேட்டால் இன்றைக்கும் சொல்வார்: அங்கே நான் நன்றாகத்தான் இருக்கிறேன்.

அந்த மாடல் போனில் மேப் வசதியே கிடையாது.