ரை ரொட்டி ஏலம்

அறுப்பின் பண்டிகை ஆராதனை முடிந்து ஏலம் தொடங்கியபோது, என் ரொட்டி ஒரு பூசணிக்காய்க்கும் நேந்திரன் சீப்புக்கும் நடுவில் இருந்தது. வீட்டில் விளைந்ததையோ செய்ததையோ அவரவர் கொண்டுவருவோம். விற்கிற காசு சபைக்கு. நான் கொண்டுவருவது எப்போதும் இதுதான். விடிகாலையில் சுட்ட, கறுத்துக் கனத்த ரை ரொட்டி.

ஜெர்மனியில் நூற்பாலை இயந்திரம் செய்யும் கம்பெனியில் என் கணவர் அமிர்தராஜ் வேலை பார்த்த காலத்தில் பழகியது. வீட்டுக்குப் பின்னால் ரை வயல். கோதுமை சரியாக வராத மணலில் அது ஆளுயரம் நிற்கும். மாவு ரொட்டிக்கு, மிச்சத் தானியம் மாட்டுக்கு, வைக்கோல் தொழுவத்துக்கு. "இவங்க ஊருக் கம்பு, கிருபா" என்பார். குளிர்காலத்தில் இளம்பயிர் பனிக்கு அடியில் பச்சையாகவே கிடக்கும். ஜன்னலருகே உட்கார்ந்து அதைப் பார்த்தபடி ரொட்டி தின்போம்.

கோயம்புத்தூர் திரும்பிய பிறகு மாவை கூரியரில் வரவழைத்தேன். முதல் வருடம் ஏலத்தில் வைத்தபோது யாரும் வாய் திறக்கவில்லை. ஏலம் விடும் தமிழ்ச்செல்வன் அதைத் தட்டிப் பார்த்து, மதில் கட்ட ஆகும் என்றார். சிரிப்பு அடங்கியதும் அமிர்தராஜ் ஒரு விலை சொன்னார். எதிர்த்துக் கேட்க ஆளில்லை. கொஞ்ச நேரம் கழித்து, தன் விலைக்கு மேல் தானே இன்னொரு விலை சொன்னார். பிறகு அதற்கும் மேல். வருடாவருடம் அதுவே வழக்கமாகிவிட்டது. நம் மாவு, நம் அடுப்பு, நம் காசு என்று வீட்டில் நான் கோபித்துக்கொள்வேன். வேறு யாராவது வாங்கிவிட்டால் நாளைக்கு நான் எதைத் தின்பது என்பார்.

நாளைக்கு என்பார், இன்றைக்கு என்று சொல்லமாட்டார். ரை ரொட்டியைச் சுட்ட அன்றே அறுத்தால் உள்ளே களிபோல ஒட்டும். ஒரு ராத்திரி விட்டுவைக்க வேண்டும்.

தை மாதம் அவர் போய்விட்டார். இந்த வருடம் ரொட்டி வேண்டாம் என்றுதான் இருந்தேன். அவர் குரல் வரவேண்டிய இடத்தில் எதுவும் வராமல் இருப்பதை அத்தனை பேர் நடுவில் உட்கார்ந்து கேட்க முடியும் என்று தோன்றவில்லை. ஆனாலும் கை மாவைப் பிசைந்துவிட்டது.

தமிழ்ச்செல்வன் ரொட்டியை இரண்டு கையாலும் தூக்கினார். கேலி எதுவும் பேசவில்லை. கூடத்தில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. பக்கத்து வீட்டு டீனா என் காதருகே குனிந்து, நான் கேக்கட்டுங்களா ஆன்ட்டி என்றாள். வேண்டாம் என்று தலையசைத்தேன். இரக்கப்பட்டு வாங்கிய ரொட்டி அவள் வீட்டு ஃப்ரிட்ஜில் காய்ந்து கிடக்கும்.

நானே ஒரு விலை சொன்னேன்.

"ஒரு தரம். ரெண்டு தரம்." மூன்றாவதைச் சொல்லாமல் அவர் என்னைப் பார்த்தார்.

நூறு ரூபாய் ஏற்றிச் சொன்னேன்.

"ஏனுங்கக்கா, எதுத்துக் கேக்கறது ஆருங்க, நீங்க பாட்டுக்கு ஏத்தறீங்க?"

"அவரு உடமாட்டேங்கறாருங்க."

முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். பிறகு கூடமே சிரித்தது. நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு ஓயுமுன் இன்னொரு நூறு ஏற்றினேன்.

ஆட்டோவில் ரொட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். துணிக்குள் அடிப்பக்கம் இன்னும் லேசான சூடு இருந்தது. நாளைக்குத்தான் அறுக்க வேண்டும்.